ஒரு செர்பியக் கதைசொல்லியும் சியாட்டிகாவும்

இடுப்பிலிருந்து குதிகால் வரை இறங்கும் வலியோடு வருபவரை மருத்துவர் மல்லாந்து படுக்கச் சொல்கிறார். முழங்காலை மடங்கவிடாமல், குதிகாலைப் பிடித்துக் காலை மெல்ல உயர்த்துகிறார். 30 பாகைக்கும் 70 பாகைக்கும் இடையே வலி சுரீரென்று முழங்காலுக்குக் கீழே பாய்ந்தால் சியாட்டிகா என்ற ஐயம் வலுக்கிறது. மருத்துவ நூல்கள் பலவும் இச்சோதனைக்குப் பிரெஞ்சு மருத்துவர் லாஸேக்கின் பெயரையே சூட்டியிருக்கின்றன. ஆனால் இதை முதலில் எழுதி அச்சேற்றியவர் செர்பிய மொழியின் சிறுகதை முன்னோடிகளுள் ஒருவர் என்பதை இலக்கிய வாசகர்களாகிய நாம் அறிந்துகொள்ளலாம்.

நோயின் பெயர் இடுப்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் வழிவந்தது. மூட்டு வாதமும் நரம்பு வலியும் நெடுங்காலம் இந்த ஒரே பெயருக்குள் கலந்து கிடந்தன. 1764இல் நேப்பிள்ஸ் மருத்துவர் தொமெனிக்கோ கொத்துன்யோ தம் நூலில் இரண்டையும் பிரித்தார். மூட்டில் தங்கும் வலி வேறு, நரம்பின் தடம் பற்றி இறங்கும் வலி வேறு என்றார். காரணத்தைத்தான் நரம்புறையில் தேங்கும் நீர் என்று கருதினார். அந்நீரை இழுத்து வெளியேற்றக் காலின் தோலில் கொப்புளம் எழுப்பும் மருந்துகளை இட்டார்.

லாஸா லாஸரெவிச் 1851இல் ஷாபட்ஸ் நகரில் பிறந்தவர். பெல்கிரேடில் சட்டம் பயின்று, பின் பெர்லினில் மருத்துவம் கற்றார். இடையே துருக்கியருடனான போரில் காயமுற்றோருக்குச் சிகிச்சை அளித்தார். சூதாட்டத்தில் அனைத்தையும் தோற்ற தந்தையை மகனின் நினைவிலிருந்து சொல்லும் அவரது புகழ்பெற்ற கதை 1879இல் வெளிவந்தது. மறு ஆண்டே, செர்பிய மருத்துவ இதழொன்றில், ஆறு நோயாளிகளைக் கொண்டு காலை உயர்த்தும் சோதனையை விளக்கினார். கதைகளிலும் அவர் ஓர் அசைவை, ஒரு முகமாற்றத்தை விடாது கவனிப்பவர். எழுதிய கதைகள் மிகச் சில. காசநோய் அவரை நாற்பது வயது நிறையும் முன்பே கொண்டுபோயிற்று.

லாஸேக் 1864இல் சியாட்டிகா பற்றி எழுதியது உண்மை. ஆயினும் அக்கட்டுரையில் இச்சோதனை இல்லை. அவருடைய மாணவர் ஃபோர்ஸ்ட் 1881இல் தம் ஆய்வேட்டில் அதனை விவரித்து ஆசிரியருக்கு உரியதாக்கினார். தொடைத் தசைகள் நரம்பை நெருக்குவதால் வலி எழுகிறது என்பது ஃபோர்ஸ்டின் விளக்கம். நரம்பே இழுபடுகிறது என்றவர் லாஸரெவிச். 1884இல் பிரெஞ்சு மருத்துவர் த பூர்மான், சடலத்தில் நரம்பின் இடத்தில் ரப்பர்க் குழாயைப் பொருத்திக் காலை உயர்த்தினார், குழாய் நீண்டது. லாஸரெவிச் கூறியதே சரி. அதே ஆண்டு அவரும் வியன்னா இதழொன்றில் ஜெர்மன் மொழியில் எழுதினார். அப்படியும் பெயர் லாஸேக்கிடமே தங்கிவிட்டது. எவரும் எதையும் திருடியதாக நாம் எண்ணவில்லை. செர்பிய இதழைப் பாரிஸில் யார் படித்திருப்பார்கள்? தமிழில் எழுதுவோருக்கு இக்கேள்வி புதிதன்று.

நரம்பு இழுபடும்போது வலிப்பது ஏன்? விடை 1934இல் பாஸ்டனிலிருந்து வந்தது. முதுகெலும்பினுள் இருந்து கட்டி என்று அகற்றப்பட்டவற்றுள் பல உண்மையில் எலும்புகளுக்கிடையேயுள்ள வட்டின் பிதுங்கிய துண்டுகளே என்று மிக்ஸ்டரும் பாரும் காட்டினர். 'ஜவ்வு விலகிவிட்டது' என்று நாம் பேச்சில் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். காரணம் தெரிந்ததும் கத்திக்கு ஊக்கம் பிறந்தது. பப்பாளிப் பாலின் நொதி ஒன்றை வட்டினுள் செலுத்தி அதைக் கரைக்கும் முறையும் 1964இல் தோன்றியது. 1982இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற அது, ஒவ்வாமை முதலிய அச்சங்களால் மங்கி, 2003இல் அங்கு விற்பனையிலிருந்தே மறைந்தது.

அறுவையின் பலனை ஒப்பிட்டுப் பார்க்கும் பொறுமை பிற்பாடுதான் வந்தது. நார்வேயின் வெபர் 1983இல் வெளியிட்ட ஆய்வில், 126 பேரில் அறுவை செய்துகொண்டோர் ஓராண்டில் முன்னின்றனர். நான்காம் ஆண்டில் அவ்வேறுபாடு பொருட்படுத்தத்தக்கதாக இல்லை. நெதர்லாந்தில் 283 பேரிடம் செய்து 2007இல் வெளியான ஆய்வில், விரைவில் அறுவை பெற்றோர் விரைவில் வலி நீங்கினர். ஓராண்டு முடிவில் இரு பிரிவிலும் 95 விழுக்காட்டினர் தேறியிருந்தனர். காத்திருந்தோரில் 39 விழுக்காட்டினர் இடையில் அறுவைக்குச் சென்றனர் என்பதையும் மறைக்கலாகாது. வலியோடு பல மாதம் வாழ்வது எளிதா என்ன? முடிவு ஒன்றே என்றாலும், அதுவரை படும் பாட்டைப் படுபவரே எடைபோட வேண்டும் என்பது நம் கருத்து.

நம் வீடுகளில் இன்றும் சொல்லப்படும் படுக்கை ஓய்வுக்கு அவ்வளவு பெருமை இல்லை. 1999இல் வெளியான மற்றொரு நெதர்லாந்து ஆய்வில், இரு வாரம் படுத்திருந்தோர் வழக்கம்போல நடமாடியோரைவிட அதிகம் தேறவில்லை. நரம்பு வலிக்கென்று பரவலாக எழுதித்தரப்படும் பிரிகாபலின் மாத்திரையும் 2017இல் வெளியான ஆய்வில் போலி மாத்திரையை விஞ்சவில்லை. ஆகவே முதல் சில வாரங்கள் இயன்றவரை நடமாட்டம், உடற்பயிற்சி, தேவைப்படும் வலிநிவாரணி. அதற்குப் பின்னும் கடும் வலி நீங்காவிடில் அறுவை பற்றிய பேச்சு என்பதே இன்றைய பொது வழக்கு. விதிவிலக்கு உண்டு. சிறுநீரோ மலமோ கட்டுப்பாடு இழத்தல், சிறுநீர் அடைத்தல், இரு தொடைகளின் இடையே உணர்வு மரத்தல், கால் வேகமாக வலுவிழத்தல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.