உருளைக்கிழங்கு ரோஸ்ட்: திருச்சி, ஸ்ரீரங்கம் வீட்டுச் சமையல்

உருளைக்கிழங்கு ரோஸ்ட் என்பது கிழங்கை வேகவைத்து, எண்ணெயில் புரட்டி, மேற்புறம் பொன்னிறமாக முறுகும்வரை அதிகச் சூட்டில் வாட்டி எடுக்கும் கறி. திருச்சி, ஸ்ரீரங்கம் வீடுகளில் வெங்காயச் சாம்பாருக்கும் வத்தக்குழம்புக்கும் இதுவே முதல் துணை. ஐயங்கார் வீடுகளில் கறமது என்ற பொதுப் பெயருக்குள் இதுவும் அடங்கிவிடும். வழக்கமான பாத்திரம் இருப்புச்சட்டி. இப்போது மேசைமேல் வைக்கும் மின் அவனும் ஏர் ஃப்ரையரும் பல வீடுகளில் அந்த இடத்துக்கு வந்திருக்கின்றன. அவற்றோடு ஒரு நம்பிக்கையும் வந்திருக்கிறது: மொறுமொறுப்பு அவனில்தான் வரும், அவன் இல்லாத வீட்டில் கிடைப்பது வெறும் வதக்கல். இது சரியல்ல. கிழங்கு சூட்டுக்குள் போகுமுன் அதன் மேற்பரப்பில் உள்ள மாவுப்பொருளும் நீரும் எந்த நிலையில் இருந்தன என்பதுதான் முறுகலைத் தீர்மானிக்கிறது. அவன் மிச்சப்படுத்துவது நின்று கிளறும் உழைப்பை.

உருளைக்கிழங்கின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு நீர். மீதியில் பெரும்பகுதி மாவுப்பொருள். மேற்பரப்பில் ஈரம் இருக்கும்வரை அங்கே வெப்பநிலை 100 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கும். அவனை 220-இல் வைத்தாலும், சட்டி புகைய எரித்தாலும், அந்தச் சூடு முதலில் நீரை ஆவியாக்கவே செலவாகும். நிறமும் மணமும் தரும் வினை விறுவிறுப்பாக நடக்க 140 டிகிரி அளவு வேண்டும். ஆகவே மேல்தோலில் ஒரு மெல்லிய படலமாவது முழுக்க உலர்ந்தாக வேண்டும். அந்தப் படலம் எதனால் ஆனது என்பதும் முக்கியம். பச்சைக் கிழங்கை நறுக்கினால் வழவழப்பான முகம் கிடைக்கிறது. அது உலர்ந்தால் தோல்போல் விறைக்கும், பல்லில் இழுக்கும். வெந்த கிழங்கில் மாவுப்பொருள் 60 முதல் 70 டிகிரி அளவில் நீரை உறிஞ்சிக் கூழாகியிருக்கும். அதைக் குலுக்கினால் விளிம்புகள் உதிர்ந்து மேற்புறமெங்கும் ஒரு மாவுப் பூச்சாக அப்பிக்கொள்ளும். எண்ணெய் அந்தச் சொரசொரப்பில் இறங்கி உலரும்போது கண்ணாடி போல நொறுங்கும் ஓடு உண்டாகிறது. நல்ல ரோஸ்ட்டின் ரகசியம் என்று எதையாவது சொல்ல வேண்டுமென்றால் இந்த ஓட்டைத்தான் சொல்ல வேண்டும்.

இந்த முறை மேல்நாட்டிலிருந்து அவனோடு இறக்குமதியானது என்று நினைப்பதற்கு இடமில்லை. ஆண்டீஸ் மலைகளில் பிறந்த உருளைக்கிழங்குதான் நமக்குப் புதியது. தமிழகத்தில் அதன் சாகுபடி 1820-களில், கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் நீலகிரியில் தொடங்கிய முயற்சிகளோடு வேரூன்றியது. இன்றும் வைணவக் கோயில் மடைப்பள்ளிகளில் பெருமாள் தளிகைக்கு உருளைக்கிழங்கு சேர்ப்பதில்லை. மிளகாய்க்கும் அங்கே இடமில்லை, காரத்துக்கு மிளகுதான். ஆசாரமான வீடுகளில் திவசத்தன்று சீமைக் காய்கறி எதுவும் அடுப்பேறாது. ஆனால் அந்த வீடுகளிலேயே சேப்பங்கிழங்கை எப்படி ரோஸ்ட் செய்கிறார்கள் என்று பாருங்கள். முதலில் வேகவைத்துத் தோலுரிப்பார்கள். கொழகொழப்பு அடங்கத் தாம்பாளத்தில் பரப்பி ஆறவிடுவார்கள். பிறகே இருப்புச்சட்டியில் எண்ணெய் விட்டுப் புரட்டிப் புரட்டி முறுகவிடுவார்கள். வேகவை, உலர்த்து, வாட்டு என்ற இதே வரிசையைத்தான் பிரிட்டிஷ் வீடுகளின் ஞாயிற்றுக்கிழமை ரோஸ்ட்டிலும் காண்கிறோம். அங்கே மாட்டுக் கொழுப்பும் அவனும், இங்கே எண்ணெயும் இரும்பும். புதிதாக வந்த கிழங்குக்கு நம் சமையலறை ஏற்கெனவே கைவசம் வைத்திருந்த முறை பொருந்திவிட்டது.

வேகவைக்கும் கட்டத்தில்தான் பெரும்பாலான ரோஸ்ட்டுகள் கெடுகின்றன. கிழங்கின் செல்களை ஒட்டவைப்பது பெக்டின் என்ற பசைப்பொருள். அமிலத்தில் அது இறுகும், காரத்தன்மையுள்ள நீரில் இளகும். சமையல் சோடா சேர்த்த நீரில் கிழங்கின் மேற்புறம் சீக்கிரம் குழைந்து, உள்ளே துண்டு உருக்குலையாமல் நிற்பது இதனால்தான். சேப்பங்கிழங்குக்கு அரிப்பு போகப் புளித்தண்ணீர் விடுவது சரி. உருளைக்கிழங்குக்கு அதே பழக்கத்தில் புளியோ தக்காளியோ தொடக்கத்திலேயே சேர்த்தால் துண்டு விறைப்பாகவே நிற்கும், மாவுப் பூச்சு உண்டாகாது. தண்ணீரும் கணக்கில் வரும். திருச்சி மாநகராட்சிக் குழாயில் வருவது பெரும்பாலும் காவிரி, கொள்ளிடம் ஆற்றுப்படுகைக் கிணறுகளின் நீர். போர் போட்ட வீடுகளிலோ பல இடங்களில் கடினநீர். அதிலுள்ள கால்சியம் பெக்டினை இறுக்கிப் பிடிக்கிறது. போர் தண்ணீரில் பருப்பு வேகாது என்று வீட்டில் சொல்வதன் காரணமும் இதுவே. ஆகவே ஒரே செய்முறை ஒரு தெருவில் அருமையாக வந்து அடுத்த தெருவில் சொதப்பினால் அவனைக் குறை சொல்லுமுன் குழாயைப் பார்க்கலாம். சோடா வைட்டமின் சி-யைக் குறைக்கும் என்பது உண்மைதான். 2 லிட்டர் நீருக்கு அரைத் தேக்கரண்டிக்கு மேல் போனால் சோப்பு வாடையும் வரும். நல்ல ஆற்றுநீர் உள்ளவர்கள் சோடா இல்லாமலே, இரண்டு மூன்று நிமிடம் கூடுதலாக வேகவிட்டுச் சமாளிக்கலாம்.

கிழங்கின் தேர்வைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடையில் யாரும் ரகம் சொல்லி விற்பதில்லை. காந்தி மார்க்கெட்டில் கேட்டால் ஊர்ப் பெயரே பதிலாக வரும்: மேட்டுப்பாளையம் மண்டி வழியாக வரும் ஊட்டிக் கிழங்கு, செம்மண் ஒட்டியிருப்பது, வெளுத்த, வழுவழுப்பான தோலுள்ள ஆக்ரா கிழங்கு, இடையில் கர்நாடகத்துச் சரக்கு. ரோஸ்ட்டுக்குத் தேவை நீர் குறைந்து மாவு கூடிய கிழங்கு. சிப்ஸ் ஆலைகள் 20 சதவீதத்துக்கு மேல் உலர்பொருளும் மிகக் குறைந்த சர்க்கரையும் கேட்கின்றன. சிம்லாவிலுள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல் வெளியிட்ட குஃப்ரி சிப்சோனா ரகங்கள் அதற்காகவே உருவானவை. அதே நிறுவனத்தின் குஃப்ரி புக்ராஜ் விளைச்சலில் தாராளம், உலர்பொருளில் சிக்கனம். குழம்புக்கு ஆகும், முறுகலுக்குச் சுமார்தான். வீட்டில் சோதிக்க எளிய வழி இருக்கிறது. ஒரு கப் உப்பைப் 11 கப் நீரில் கரைத்துக் கிழங்கைப் போட்டால், மாவுக் கிழங்கு மூழ்கும், நீர்க்கிழங்கு மிதக்கும். இன்னொரு சிக்கல் குளிர்பதனக் கிடங்கு. 2 முதல் 4 டிகிரியில் மாதக்கணக்கில் கிடந்த கிழங்கில் மாவுப்பொருளின் ஒரு பகுதி சர்க்கரையாக மாறிவிடும். அத்தகைய கிழங்கு ஓடு உலருமுன்னே கறுத்து, இனித்து, உள்ளே தொளதொளவென்று இருக்கும். ஆவணி, புரட்டாசியில் வாங்கும் வடநாட்டுக் கிழங்கில் இது அடிக்கடி தென்படும். அதை இரண்டு வாரம் வெளிச்சம் படாத மூலையில் சாக்கில் போட்டு வைத்தால் சர்க்கரை ஓரளவு குறையும். வெளிச்சம் பட்டுப் பச்சை ஏறிய பகுதி நஞ்சு, வெட்டி எறிந்துவிட வேண்டும்.

செய்முறை இந்த விளக்கத்திலிருந்தே வந்துவிடுகிறது. ஒரு கிலோ கிழங்கைத் தோல் சீவி, எலுமிச்சம்பழத்தைவிடச் சற்றுச் சிறிய துண்டுகளாக நறுக்கி, உப்பும் சோடாவும் கலந்த பச்சைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவிட வேண்டும். கொதி வந்தபின் சுமார் 10 நிமிடம். கத்தி முனை தடையின்றி இறங்க வேண்டும், துண்டு உடையக் கூடாது. குக்கர் இதற்கு ஆகாது; விசில் எண்ணிக் கொண்டிருக்கையில் பதம் தப்பிவிடும். நீரை வடித்து, அதே சூடான பாத்திரத்தில் ஒரு நிமிடம் போட்டு ஆவி போகவிட்டு, மூடியால் மூடி நாலைந்து குலுக்கு. விளிம்புகள் பிசிறடித்து மாவு பூத்திருக்கும். தாம்பாளத்தில் பரப்பி மின்விசிறிக்குக் கீழே கால் மணி நேரம் வைப்பது, எல்லோரும் தவிர்க்க விரும்பும் ஆனால் தவிர்க்கக் கூடாத கட்டம். திருச்சியின் கோடை நண்பகலும் ஆடிக் காற்றும் இந்த வேலையைப் பாதி நேரத்தில் முடித்துக் கொடுக்கும். ஐப்பசி மழையில் இரட்டை நேரம் ஆகும். பிறகு மூன்று நான்கு மேசைக்கரண்டி எண்ணெயில் புரட்டி, முன்பே சூடேற்றிய தட்டில் ஒன்றையொன்று தொடாமல் அடுக்கி, 220 டிகிரியில் 45 முதல் 50 நிமிடம், நடுவில் ஒருமுறை திருப்பிவிட்டு வாட்ட வேண்டும். நெருக்கி அடுக்கினால் ஒன்றன் ஆவியில் இன்னொன்று வேகும். செக்கு நல்லெண்ணெய் இந்தச் சூட்டில் புகையும், நெய்யோ சுத்திகரித்த கடலை எண்ணெயோ தாங்கும். மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், பெருங்காயம் ஆகியவை கடைசி ஐந்து நிமிடத்தில். முன்பே தூவினால் மிளகாய்த்தூள் கருகிக் கசக்கும். இருப்புச்சட்டியிலோ தோசைக்கல்லிலோ செய்வதானால் உலர்த்தும் கட்டம்வரை எல்லாம் இதேதான். அதன்பின் நடுத்தரத் தீயில், ஒரு பக்கம் ஓடு பிடிக்கும்வரை தொடாமல் விட்டுப் பிறகு திருப்ப வேண்டும். முறுகுமுன் கரண்டி போட்டால் உண்டான பூச்சு சட்டியோடு போய்விடும், காந்தல்தான் மிஞ்சும்.

இங்கே எழக்கூடிய வலுவான எதிர்வாதம், வேகவைக்காமலே பச்சைக் கிழங்கைப் பொடியாக நறுக்கிச் சட்டியில் முறுகலாக வறுக்கும் வழக்கம் இதே ஊரில் பரவலாக இருக்கிறதே என்பது. உண்மை, அது நன்றாகவும் வரும். ஆனால் அங்கே என்ன நடக்கிறது? அரை அங்குலத் துண்டுகள் முதல் கால் மணி நேரம் தம் சொந்த ஈரத்திலேயே வேகின்றன. அடுத்த கால் மணி நேரம் சிறுதீயில் உலர்கின்றன. வேகவைத்தலும் உலர்த்தலும் தனித்தனிப் பாத்திரத்தில் நடக்காமல் ஒரே சட்டியில் அடுத்தடுத்து நடக்கின்றன, அவ்வளவே. மூடி போட்டு முடிக்கும் வீட்டில் அது பொரியலாகிவிடுவதும் திறந்து வைக்கும் வீட்டில் ரோஸ்ட் ஆவதும் இந்த வரிசையையே உறுதிப்படுத்துகின்றன. பெரிய துண்டுக்கு இது சரிப்படாது. உள்ளே வேகுமுன் வெளியே கறுத்துவிடும். அரிசிமாவோ ரவையோ தூவினால் போதுமே என்பது மற்றொரு வாதம். தூவலாம், மொறுமொறுப்பும் வரும். அது கிழங்குக்கு மேலே போட்ட சட்டை. ஆறியதும் கழன்று தட்டில் கிடக்கும். அவசரத்துக்கு உதவும் குறுக்குவழி என்பதற்குமேல் அதற்கு மதிப்புக் கொடுக்க இயலாது.

உடல்நலம் பற்றிய கேள்வியை எளிதில் தள்ளிவிட முடியாது. மாவுப்பொருள் மிகுந்த உணவுகளை 120 டிகிரிக்கு மேல் வாட்டும்போது அக்ரிலமைடு உண்டாகிறது என்று 2002-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். விலங்குச் சோதனைகளில் அது புற்றுநோய் உண்டாக்கியிருக்கிறது. மனிதர் உணவில் உள்ள அளவு எவ்வளவு தீங்கு செய்யும் என்பதில் முடிந்த முடிவு இல்லை, எனினும் குறைப்பது நல்லது என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. கிழங்கிலுள்ள சர்க்கரையும் அஸ்பரஜின் என்ற அமினோ அமிலமும் சேர்ந்தே அதை உண்டாக்குகின்றன. இரண்டுமே நீரில் கரைபவை என்பதால், முன்கூட்டி வேகவைத்து நீரை வடிப்பது அவற்றில் ஒரு பகுதியை வெளியேற்றிவிடுகிறது. சுவைக்காகச் சொன்ன அதே கட்டம் நலத்துக்கும் உதவுகிறது என்பது இந்த முறைக்குக் கூடுதல் சான்று. பொன்னிறத்தில் நிறுத்த வேண்டும். அடர்ந்த பழுப்புதான் நல்ல முறுகல் என்ற எண்ணத்தை விட்டுவிடலாம். எண்ணெய் குறைவு என்ற பெருமையும் அவனுக்கு மட்டும் உரியதன்று. நன்றாக உலர்ந்த கிழங்கு சட்டியிலும் அதே மூன்று நான்கு கரண்டியில் முடிந்துவிடும். மேலும் மேலும் எண்ணெய் விட நேர்வது ஈரத்தோடு போட்ட கிழங்கு சட்டியில் ஒட்டிக்கொள்ளும்போதுதான்.

ஆகவே அவன் வாங்குவதா என்ற கேள்விக்கு விடை, எத்தனை பேருக்குச் சமைக்கிறோம் என்பதைப் பொறுத்தது. 1500 வாட் அவன் சூடேறும் நேரத்தையும் சேர்த்து ஒரு முறைக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் மின்சாரம் எடுக்கும், சித்திரை வெயிலில் சமையலறையை இன்னும் கொதிக்கவிடும். ஒரு கிலோவுக்கு மேல் செய்யும் வீட்டுக்கு, எட்டுப் பேர் பந்தியில் உட்காரும் நாளுக்கு, அது நியாயமான செலவு. இருப்புச்சட்டி அத்தனையையும் ஒரே ஈடில் முறுகவைக்காது. மூன்று நான்கு பேர் உள்ள குடும்பத்துக்குக் கனமான இரும்புத் தோசைக்கல்லே போதும். ஏர் ஃப்ரையர் அரைக்கிலோவுக்கு உதவும். மைக்ரோவேவ் எதற்கும் உதவாது. சுற்றியுள்ள காற்று குளிர்ந்தே இருப்பதால் மேற்புறம் உலர்வதற்கு வழியில்லை. எதில் செய்தாலும் ரோஸ்ட்டை மூடிவைக்கக் கூடாது. உள்ளிருந்து கிளம்பும் ஆவி பத்து நிமிடத்தில் ஓட்டை மறுபடி ஈரமாக்கிவிடும். மீந்ததை மறுநாள் எண்ணெய் விடாமல் சூடான கல்லில் ஐந்து நிமிடம் போட்டால் ஓரளவு மீளும்.