ஆறு மில்லிமீற்றர் வெல்டிங்கும் 123 உயிர்களும்



வட்டுக்கோட்டைப் பக்கத்தில் ஓ/எல் முடித்துவிட்டு வெல்டிங் பழகப் போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறோம். கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

கம்பியைக் கையால் இழுத்து அறுக்க முடியாது. மாறி மாறி வளைத்தால் முறிந்துவிடும். இதுதான் உலோகக் களைப்பு. 1842இல் பிரான்சில் வெர்சாய் அருகே ரயில் அச்சு முறிந்து ஐம்பதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் பிறகு ஜேர்மன் ரயில்வே பொறியியலாளர் ஓகஸ்ட் வோலர், அச்சுகளை இலட்சக்கணக்கான தடவை சுழற்றிப் பரிசோதித்தார். எவ்வளவு சுமை எத்தனை தடவை வந்தால் முறியும் என்ற கணக்கு அவரோடு தொடங்கியது.

அக்காலப் பாலங்கள் ரிவெட் அடித்துப் பூட்டியவை. கடலுக்கு அப்பால் 1914இல் திறந்த பாம்பன் பாலமும் அப்படித்தான். அதில் ஒரு தகட்டில் வெடிப்பு வந்தால் பெரும்பாலும் அந்தத் தகட்டின் ஓரத்தோடு நின்றுவிடும். வெல்டிங் எல்லாத் தகடுகளையும் ஒரே உடம்பாக்கியது. பாரம் குறைந்தது, வேலை விரைவானது. ஆனால் வெடிப்பு ஒரு தகட்டிலிருந்து அடுத்ததற்குப் போகவும் வழி கிடைத்தது.

இதற்கு உலகம் கொடுத்த பெரிய விலை, நம் ஊரவர் பலர் இன்று வாழும் நோர்வேயின் கடலில். 1980 மார்ச் 27 மாலை, எண்ணெய்த் தொழிலாளர் தங்கியிருந்த 'அலெக்சாண்டர் கீலண்ட்' என்ற மிதக்கும் மேடையின் ஐந்து கால்களில் ஒன்று கழன்றது. கொஞ்ச நேரத்தில் மேடை கவிழ்ந்தது. இருந்த 212 பேரில் 123 பேர் இறந்தார்கள்.

விசாரணையில் தெரிந்தது என்ன? காலைத் தாங்கிய குழாய் ஒன்றில், நீருக்கடியில் ஒலி கேட்கும் கருவியைப் பொருத்த ஒரு சிறு தாங்கி வைத்திருந்தார்கள். அதை ஒட்டியது வெறும் 6 மில்லிமீற்றர் வெல்டிங். 'கருவிதானே' என்று அதை யாரும் கட்டமைப்பின் பகுதியாகப் பார்க்கவில்லை. வெடிப்பு அங்கே தொடங்கியது. வெடிப்புக்குள் பெயின்ற் இருந்தது. அதாவது, கட்டிய இடத்திலேயே அது வெடித்திருக்கிறது. பிறகு ஒவ்வொரு அலையும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டியது.

பிரித்தானியாவில் கேர்னி போன்ற ஆய்வாளர்கள் ஏற்கெனவே இரண்டு உண்மைகளைக் காட்டியிருந்தார்கள். ஒன்று, வெல்டிங் செய்த இடத்தில் விலைகூடிய உறுதியான உருக்கைப் போட்டாலும் களைப்பு ஆயுள் கூடாது. வெல்டிங் முடிந்து தகடு தொடங்கும் ஓரம்தான் அதைத் தீர்மானிக்கிறது. இரண்டு, அங்கே ஏறி இறங்கும் தகைப்பைப் பாதியாக்கினால் ஆயுள் ஏறத்தாழ எட்டு மடங்கு. இரட்டிப்பாக்கினால் எட்டில் ஒன்று.

2025 ஏப்ரல் 6இல் திறந்த புதிய பாம்பன் பாலம் முழுக்க வெல்டிங். இப்படிப்பட்ட பாலத்தில் இந்தக் கணக்கை விட்டுவிட முடியாது.

நம் ஊர் உழவு இயந்திரப் பெட்டிக்கும் இதே கணக்குத்தான். அளவுக்கு மிஞ்சி மணல் ஏற்றினால் இன்றைக்கு உடையாது, ஆயுள்தான் கரையும். பிள்ளைகளே, சட்டத்தின் இழுபடும் பக்கத்தில் ஒரு கொக்கிதானே என்று கண்ட இடத்தில் ஒட்டாதீர்கள். பெயின்ற் அடிக்கமுன் வெல்டிங்கின் ஓரத்தை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். வெடிப்பு இருந்தால் மேலே பூசி மறைக்காமல், அரைத்தெடுத்துவிட்டு மீண்டும் ஒட்டுங்கள். அந்தப் பெட்டியில் ஏறிப் போவது யாரோ ஒருவருடைய பிள்ளை.