குழாய்க்குள் ஒளித்த காகிதங்கள்

பழைய இத்தாலியப் பந்தய சைக்கிளைத் தேடிப்பிடித்துப் புதுப்பிப்பவர்கள், இருக்கைத் தண்டை உருவிக் குழாயினுள் துரு ஏறியுள்ளதா என்று பார்ப்பார்கள். அது லெஞ்ஞானோ வண்டியாயின், எனக்கு ஜீனோ பார்த்தாலியின் நினைவு வரும். 1938இலும், போருக்குப் பின் 1948இலும் தூர் டி பிரான்ஸை வென்ற வீரர்.

1943-44இல் இத்தாலி ஜேர்மானியர் பிடியில் இருந்தபோது, பயிற்சி என்ற பெயரில் புளோரன்ஸிலிருந்து அசிசிக்கு மிதித்தார். மறைந்திருந்த யூதர்களுக்கான போலி அடையாளப் பத்திரங்கள் அந்தக் குழாய்களுக்குள் சுருண்டு கிடந்தன என்பர். 2000இல் இறக்கும்வரை அவர் இதைப் பெரிதாகப் பேசியதில்லை. 2013இல் யாட் வஷெம் அவரைக் கௌரவித்தது. பின்னர் இத்தாலிய வரலாற்றாசிரியர் சிலர் ஆதாரம் போதாதென்றனர். பத்திரிகைக்காரனுக்கு அந்த ஐயம் புரிகிறது. ஆனால் பிடிபட்டால் உயிர்போகும் காரியத்துக்கு யார் பற்றுச்சீட்டு எழுதி வைப்பார்? சிறுவயதில் பார்த்தாலியின் நிலவறையில் குடும்பத்தோடு ஒளிந்திருந்த ஜோர்ஜோ கோல்டன்பேர்க், தாம் உயிர் பிழைத்தது அவராலேயே என்று சொல்லியிருக்கிறார்.