துணி வைத்த பெயர்

அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ஜெஃபர்சன் கவுண்டியின் தலைமையிடம் மேட்ரஸ் என்னும் சிற்றூர். ஆங்கிலத்தில் நம் மதராஸை எழுதும் அதே எழுத்துகளில்தான் அதன் பெயரையும் எழுதுகிறார்கள். ஆனால் அங்கே குடியேறித் தங்கள் ஊரின் பெயரை வைத்தவர்கள் தமிழர் அல்லர். பெயரைக் கொண்டுபோனது துணி என்றே தோன்றுகிறது.

அந்த நிலப்பகுதியை அங்கு வாழ்ந்த தொல்குடிகள் 1855 உடன்படிக்கையின்படி அமெரிக்க அரசுக்கு விட்டுக்கொடுக்க நேர்ந்தது. பிறகு வந்த குடியேறிகள் வட்டமான பள்ளத்தாக்கைக் கண்டு, படுகை என்ற பொருளில் 'பேசின்' என்றார்கள். 1902-இல் ஜான் பால்மேன் மனை பிரித்தபோது அவர் பெயரை ஒட்டி 'பால்மெய்ன்' என்று வைக்கப் பார்த்தார்கள். 'பால்மர்' என்ற பெயரோடு குழம்பும் என்று அஞ்சல் துறை மறுத்துவிட்டது. அடுத்து வந்த பெயர்தான் மேட்ரஸ். கடையில் இருந்த துணிச்சுருளிலிருந்து எடுத்தது என்று சொல்வார்கள். இந்திய நகரத்தின் பெயரையே நேராக வைத்தார்கள் என்பாரும் உண்டு. துணிக்கதையே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. அக்காலத்தில் 'மெட்ராஸ்' ஆங்கிலத்தில் ஒரு பருத்தித் துணியின் பெயராக நிலைத்துவிட்டிருந்தது.

அப்படி நிலைத்ததற்குக் காரணம் கப்பல் வணிகம். கள்ளிக்கோட்டையிலிருந்து 'காலிகோ' வந்ததுபோல, 1639-இல் கிழக்கிந்தியக் கம்பெனி இடம் பெற்ற மதராசபட்டினத்திலிருந்து 'மெட்ராஸ்' வந்தது. நெய்தவை சோழமண்டலக் கரையின் பல ஊர்த் தறிகள். பெயர் பெற்றது ஏற்றுமதித் துறைமுகம். மேற்கு ஆப்பிரிக்காவில் இத்துணி வகைக்கு 'ஜார்ஜ்' என்ற பெயர் உண்டு. அது புனித ஜார்ஜ் கோட்டையை ஒட்டியது. கோட்டைக்கும் துறைமுகத்துக்கும் கிடைத்த பெயர் நெசவாளருக்குக் கிடைக்கவில்லை. சென்னைக்குள்ளேயே அவர்களைக் குடியமர்த்திய பேட்டைகளில் ஒன்றுக்கு ஆளுநர் காலெட்டின் பெயர் அமைந்து, மக்கள் நாவில் 'காலடிப்பேட்டை' ஆயிற்று. 'சின்னத் தறிப்பேட்டை' என்பதே சிந்தாதிரிப்பேட்டை என்பர். அங்கே தறியாவது பெயரில் நின்றது.

ஆரிகனின் மேட்ரஸுக்கு வாழ்வு தந்தது இருப்புப்பாதை. ஹில், ஹாரிமன் என்ற இரு இரயில் அதிபர்களின் நிறுவனங்கள் டெஷூட்ஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் எதிரெதிர்க் கரைகளில் போட்டி போட்டுத் தண்டவாளம் இட்டன. 1911-இல் இரயில் ஊருக்கு வந்தது. மழையை நம்பிக் கோதுமை விளைந்த வறண்ட நிலத்துக்கு 1940-களில் வாய்க்கால் நீர் பாய்ந்தது. இன்று கேரட் விதை உற்பத்திக்குப் பெயர்பெற்ற வட்டாரம் அது.

ஊர்ப்பெயர் துணிப்பெயராவது வழக்கம்; துணிப்பெயர் மறுபடியும் ஓர் ஊரின் பெயராவது அரிது. 1996-இல் நம் நகரம் அதிகாரப்பூர்வமாகச் சென்னை ஆனது. ஆரிகன் ஊர் மேட்ரஸாகவே இருக்கிறது. ஆளுநர்களுக்கும் இரயில் அதிபர்களுக்கும் வரலாற்று நூல்களில் இடம் உண்டு. பெயர் தெரியாத நம் நெசவாளரின் கைவேலை உலகின் எந்தக் கோடிவரை சென்றது என்பதற்கு அந்த ஊர்ப்பெயரே சான்று. அதை அவர்கள் கணக்கில் எழுதுவதுதான் நியாயம்.