செத்த மாட்டுக்கு எந்தக் கட்டம்?

மட்டக்களப்பின் படுவான்கரையில் மாட்டுப் பட்டிக்காரர் சிலருக்கு வரிக்கணக்கு எழுதிக் கொடுப்பவன் நான். ஒரு மாரி முடிந்த கையோடு பெரியவர் ஒருவர் என் மேசையில் வவுச்சர்களைப் பரப்பிவிட்டுக் கேட்டார்: "வித்த மாட்ட எழுதுற, மகன். செத்த மாட்ட எங்க எழுதுற?"

இழந்ததை வரிக்கணக்கு எப்படிப் பார்க்கிறது என்ற இந்தக் கேள்விக்கு வயது அதிகம். வெள்ளைக்காரர் காலத்து நெல்வரி, பொதுவாக விளைச்சலில் பத்தில் ஒன்று. அமானி முறையில் களத்திலேயே நெல்லை அளந்து அரசு தன் பங்கை எடுத்தது. வெள்ளம் பாதி வெள்ளாமையைக் கொண்டுபோனால் அரசின் பங்கும் பாதியானது. குத்தகை முறை வேறு. வரி தண்டும் உரிமையை ஏலத்தில் எடுத்தவர் பயிர் நிற்கும்போதே மதிப்பிட்டுவிடுவார். அவரோடு வாதாடி வென்ற விவசாயி அரிது. 1878ஆம் ஆண்டுச் சட்டம் வரியைப் பணமாக்கியது. காசில்லாதவன் என்ன செய்வான்? 1880களில் நுவரெலியாப் பக்கம் நிலுவைக்காக வயல்கள் ஏலம் போயின. அந்த அநியாயம் லண்டன் வரை பேசப்பட்டது. 1892இல் நெல்வரி ஒழிந்தது.

இத்தனை சண்டையும் நெல்லுக்காக. வயலை மிதித்து உழுததும், சூடடித்ததும் எருமைகள்தான். அவற்றை இழந்தவனுக்காக அப்படி ஒரு சண்டை நடக்கவில்லை.

1932இல் வருமான வரி வந்தது. அதற்குப் பிறகும் கேள்வி நின்றது, அழிவும் தொடர்ந்தது. 1978 நவம்பர் 23 இரவு அடித்த சூறாவளியில் 900க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்; மட்டக்களப்பின் தென்னந்தோட்டங்கள் சரிந்து கிடந்தன. 2022 டிசம்பரில் காற்றும் மழையும் குளிரும் சேர்ந்து வந்தபோது வடக்கிலும் கிழக்கிலும் சில நாட்களுக்குள் 1,600க்கும் மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் விறைத்துச் செத்தன.

செத்தது ஒரு நட்டம். சாகுமுன் விற்பது இன்னொன்று. என்னை அதிகம் வருத்துவது அதுதான். வயல் வட்டையில் பயிர் நிற்கும்போது பட்டியை அங்கே இறக்க முடியாது. மேய்ச்சல் தரையிலும் வெள்ளம் ஏறினால், வந்த விலைக்குக் கறவையையும் நாகையும் தள்ளிவிட வேண்டியதுதான். வாங்க வருபவருக்கும் அது தெரியும். அந்த மாடு சொந்தப் பட்டியில் பிறந்து வளர்ந்தது. வாங்கிய துண்டு கிடையாது. அதனால் விற்ற காசு முழுவதும் கணக்கில் இலாபம்போல் நிற்கிறது. அடுத்த கோடையில் பட்டியை மறுபடி கட்டப் பட்டிக்காரர் வெறுங்கையோடு அலைவார்.

அமெரிக்காவில் இதற்கு வழி வைத்திருக்கிறார்கள். வறட்சியாலோ வெள்ளத்தாலோ வழக்கத்தைவிடக் கூடுதலாகக் கறவையையும் இனவிருத்தி மாட்டையும் விற்றவர், பதில் மாடு வாங்க இரண்டு வருடத் தவணை பெறலாம். அரசு அனர்த்த நிவாரணத்துக்கு அறிவித்த பிரதேசமென்றால் நான்கு வருடம். இந்த நான்கு வருடம் 2004இல் வந்த திருத்தம். விற்ற காசை அதற்குள் மாட்டில் போட்டால் அந்த இலாபத்துக்கு அப்போது வரியில்லை.

இங்கே இலங்கையில் 2025 ஏப்ரலிலிருந்து வருடத்துக்கு 18 இலட்சம் ரூபாய் வரை வரி கிடையாது. சின்னப் பட்டிக்காரருக்கு அது போதும். பெரிய பட்டியில் பாதியை ஒரே மாரியில் விற்றவருக்குப் போதாமல் போகலாம். அவருக்கும் பதில் மாடு வாங்கத் தவணை வேண்டும். வெள்ள விற்பனைக்கென்று படிவத்தில் தனிக் கட்டம் வேண்டும். அதுவரை என்னிடம் வருபவர்களிடம் மாரிக்கு முன்னமே குறிவாரியாகத் தலை எண்ணி, கிராம சேவகரிடம் காட்டி எழுதிவைக்கச் சொல்கிறேன்.