நாக்கை இழுத்தால் வாலாட்டும் நாய்

காகிதம் எழுந்து நின்ற கதை – 17

சென்ற வாரம் 1932-இல் நிறுத்தியிருந்தேன். நியூயார்க்கின் புளூ ரிப்பன் பதிப்பகம், ஹெரால்ட் லென்ட்ஸ் வரைந்த பினோக்கியோ, 'பாப்-அப்' என்ற பெயர் புத்தக அட்டையில் ஏறிய ஆண்டு. அங்கிருந்து அந்த வித்தை வாழ்த்து அட்டைக்குள் எப்படிக் குடிபுகுந்தது என்று இந்த வாரம் சொல்வதாக வாக்கு. வாக்கைக் காப்பாற்றும் எண்ணத்தோடுதான் மேசைமுன் உட்கார்ந்தேன். ஆனால் 1932-க்குப் போகிற வழியில் மியூனிக் இருக்கிறது. மியூனிக்கில் லோத்தார் மெக்கன்டார்ஃபர் இருக்கிறார். அவர் வாசலைத் தாண்டிப் போக எனக்குக் கால் வரவில்லை.

அதற்குக் காரணம் புக்கிட் ரோத்தான் பக்கத்தில் ஒரு பால்மரத் தோட்டம். நான் பிறந்து வளர்ந்த இடம். எங்கள் பெரிய கிராணிக்கு, ஊர் திரும்பிவிட்ட பழைய துரை ஒருவர் கிறிஸ்துமஸ் தோறும் அட்டை அனுப்புவார். ஒரு வருடம் வந்த அட்டையில் ஒரு நாய். கீழே விளிம்பில் விரல் நுனி அளவுக்கு ஒரு காகித நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும். அதை இழுத்தால் நாய் வாலாட்டும். அவ்வளவுதான். ஆனால் லயத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் கிராணி வீட்டு வாசலில் வரிசை கட்டினோம். "மெதுவா இழுப்பா, நாக்கு அந்துரும்" என்று கிராணி வீட்டம்மா ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டே இருந்தார்.

பார்த்துவிட்டுச் சும்மா இருப்போமா? தீபாவளிக்கு அதேபோல் அட்டை செய்வது என்று முடிவாயிற்று. பழைய நோட்டுப் புத்தகத்தின் மேலட்டை, பசைக்கு மங்கிலிருந்து திருடிய பால். படம் வந்துவிட்டது, வால் வந்துவிட்டது, நாக்கும் வந்துவிட்டது. மாட்டிக்கொண்டது அச்சில்தான். ஊசியால் துளை போட்டு நூலை முடிந்தோம். முடிச்சை இறுக்கினால் வால் அசையவில்லை. தளர்த்தினால் வால் தொங்கிவிடுகிறது. நான்காவது இழுப்பில் துளையே கிழிந்துபோயிற்று. பால் வேறு காய்ந்து, அசைய வேண்டிய இடத்தையெல்லாம் சேர்த்து ஒட்டிவிட்டது.

எங்களைத் தோற்கடித்த அதே அச்சைத்தான் மெக்கன்டார்ஃபர் வென்றார். அதைத் தெரிந்துகொள்ள எனக்கு முப்பது வருடம் ஆனது.

1847-இல் மியூனிக்கில் பிறந்தவர். தொழில், கேலிச்சித்திரம், 'ஃபிளீகென்ட பிளேட்டர்' என்ற நகைச்சுவை வார இதழுக்கு வரைந்து பிழைத்தார். ஒரு கிறிஸ்துமஸுக்கு மகனுக்குப் பரிசாக, அசையும் படங்கள் கொண்ட புத்தகம் ஒன்றைக் கையால் செய்தார். அதுவே 1878-இல் 'உயிருள்ள படங்கள்' என்ற பொருள்படும் ஜெர்மன் தலைப்போடு அச்சேறியது. வார இதழுக்கு எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு அவர்மேல் ஒரு பங்காளிப் பாசம் உண்டு. வாரா வாரம் சிரிக்கவைக்க வேண்டிய ஆள், பிள்ளைக்கு ஏதாவது செய்து கொடுக்கவும் நேரம் கண்டுபிடித்திருக்கிறாரே!

அவருக்கு முன்பும் இழு-நாக்கு உண்டு. லண்டனில் டீன் அண்ட் சன் நிறுவனத்தார் 1850-களிலிருந்தே இத்தகைய அசையும் புத்தகங்களை விற்றுக்கொண்டிருந்தார்கள். அவற்றில் பெரும்பாலும் ஒரு நாக்குக்கு ஒரு அசைவு. கை மேலே போகும், கீழே வரும், கதை முடிந்தது. எனக்கு அதில் சோம்பேறித்தனம்தான் தெரிகிறது. மெக்கன்டார்ஃபர் ஒரே நாக்கில் கண்ணை உருட்டினார், கையைத் தூக்கினார், வாயைத் திறந்தார். எல்லாம் ஒரே நேரத்திலும் நடக்காது. முதலில் ஒன்று, சற்றுப் பொறுத்து இன்னொன்று. கேலிச்சித்திரக்காரருக்குத் தெரியும், சிரிப்பு அந்தச் சற்றுப் பொறுத்தலில் இருக்கிறது என்று.

எப்படி என்று கேட்பீர்கள். படம் அச்சிட்ட தாளுக்குப் பின்னால் இன்னொரு தாள். விளிம்புகள் மட்டும் ஒட்டியிருக்கும். நடுவில் உள்ள இடுக்கில், பார்வைக்குத் தெரியாமல், அட்டை நெம்புகோல்கள். நாக்கு அவற்றை இழுக்கும். படத்தில் உள்ள கீறல் வழியாக அவை வெளியே வந்து கையாகவும் தலையாகவும் ஆடும். நெம்புகோலை அச்சுக்குக் கிட்டத்தில் பிடித்து இழுத்தால் வீச்சு பெரிது, தள்ளிப் பிடித்தால் சிறிது. ஆக, ஒரே இழுப்பில் கை ஒரு சாணும் கண் ஒரு நெல்மணி அகலமும் நகரும். தாமதம் வேண்டுமா? நாக்கில் ஊசித்துளைக்குப் பதில் நீள்வெட்டு ஒன்று போட வேண்டும். வெட்டின் கடைசி வந்து அச்சை முட்டும்வரை அந்த நெம்புகோல் சும்மா நிற்கும். நானே பால் டின் டப்பா அட்டையில் வெட்டிப் பார்த்தேன், வேலை செய்கிறது.

அச்சுக்கு வருவோம். அவர் நூலை நம்பவில்லை. மெல்லிய செம்புக் கம்பியைத் துளைக்குள் விட்டு, இரண்டு பக்கமும் நத்தை ஓடுபோலத் தட்டையாகச் சுருட்டினார். காகிதத்தைக் கிழிக்காது, கழன்றும் விழாது, சுழல விடும். அந்தச் சின்னச் சுருளைப் பார்த்த அன்று, எங்கள் லயத்து நாயின் வால் ஏன் தொங்கியது என்று எனக்கு விளங்கிவிட்டது.

இந்தச் சுருள்களை ஒவ்வொரு பிரதியிலும் கையால்தான் பொருத்தியாக வேண்டும். எந்திரம் அச்சிடும், வெட்டுவதும் கோப்பதும் ஒட்டுவதும் பட்டறைக் கைகள். தலைப்புப் பக்கத்தில் ஓவியர் பெயர் இருக்கிறது, பதிப்பாளர் பெயர் இருக்கிறது. அந்தக் கைகளின் பெயர் எங்கும் இல்லை. செக்ரோலில் பெயர் விழாமல் தாயோடு நிரைக்குப் போய் மங்கு துடைத்த பிள்ளைகளை நினைத்துக்கொள்கிறேன்.

1887-இல் எஸ்லிங்கன் நகரத்து யே. எஃப். ஷ்ரைபர் பதிப்பகத்துக்காக அவர் செய்த 'சர்வதேச சர்க்கஸ்' வந்தது. இதில் நாக்கு கிடையாது. ஆறு காட்சிகள் மடிப்பு மடிப்பாக விரியும். ஒவ்வொன்றையும் முன்னால் தாழ்த்தினால் அடுக்கடுக்காகக் குதிரையும் கோமாளியும் பார்வையாளர் கூட்டமும் எழுந்து நிற்பார்கள். 450-க்கும் மேற்பட்ட உருவங்கள். ஆறையும் வளைத்து வைத்தால் மேசைமேல் ஒரு கூடாரமே நிற்கும்.

அந்த ஆண்டுகளில் நம் பக்கம் எப்படி இருந்தது? பால்மரக் காலமே இன்னும் வந்திருக்கவில்லை. ஆங்ரி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் கோலசிலாங்கூருக்கு வந்து தோட்டம் போட்டது 1905-க்குப் பிறகு. அவருடைய ஆட்கள் பத்தாங் பெர்ஜுந்தைக்குப் பக்கத்தில் 1917-இல் செம்பனை நட்டார்கள். நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் அதுதான். பெயர் தென்னமரம், நட்டது செம்பனை! அதே மனிதர் 1930-இல் மலாயாவைப் பற்றிய நாவலுக்குப் பிரான்சின் கொங்கூர் பரிசு வாங்கினார். இவரைப் பற்றித் தனித் தொடரே எழுதலாம். ஆசிரியர் முறைப்பதால் விடுகிறேன்.

முதல் உலகப் போர் ஜெர்மானிய அசையும் புத்தகத் தொழிலைச் சாய்த்துவிட்டது. 1925-இல் மெக்கன்டார்ஃபர் இறந்தார். நான்கு ஆண்டு கழித்து லண்டனில் லூயி ஜிரோ வேறு வழியில் கிளம்பினார். டெய்லி எக்ஸ்பிரஸ் சிறுவர் ஆண்டு மலரில், பக்கத்தைத் திறந்த மாத்திரத்தில் காட்சி தானாக எழுந்து நின்றது. மலிவு, நான்கு பக்கமிருந்தும் பார்க்கலாம், எளிதில் கெடாது. ஆங்கிலேயச் சேகரிப்பாளர்கள் ஜிரோவைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். எனக்கு ஏனோ ஒட்டவில்லை. தானாக எழுகிற காட்சிக்குப் பிள்ளை வெறும் பார்வையாளன். நாக்கைப் பிடித்திருக்கிற பிள்ளை பொம்மலாட்டக்காரன்; வேகமாக இழுத்தால் நாய் குதூகலிக்கும், மெல்ல இழுத்தால் சந்தேகப்படும். இன்று பாசார் மாலாமில் லேசரில் வெட்டி விற்கிற தீபாவளி அட்டைகள் எல்லாம் ஜிரோவின் பேரப்பிள்ளைகள். திறந்ததும் குத்துவிளக்கு எழும். அழகுதான். அதற்கப்புறம் அதனோடு செய்ய ஒன்றும் இல்லை.

பெயர் மட்டும் நிலைத்திருக்கிறது. அசையும் புத்தகச் சங்கம் 1998 முதல் சிறந்த பாப்-அப் புத்தகத்துக்குக் கொடுக்கிற பரிசு மெக்கன்டார்ஃபர் பெயரில்தான். ஜிரோ பெயரில் இல்லை என்பதைச் சின்னத் திருப்தியோடு சொல்லிவைக்கிறேன்.

பக்கம் முடிந்துவிட்டது, 1932 அப்படியே நிற்கிறது. லென்ட்ஸ், பிராக் நகரத்துக் குபாஷ்டா, அவர் புத்தகத்தைப் பார்த்து மயங்கி அமெரிக்காவில் தொழிலை மீட்ட வால்டோ ஹன்ட், அவருடைய நிறுவனம் வாழ்த்து அட்டைக்காரரான ஹால்மார்க்கின் கைக்குப் போனது, எல்லாம் அடுத்த வாரம். உறுதி.

அதற்குள் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பழைய பெட்டியில், ஜெராமிலோ ஈஜோக்கிலோ தஞ்சோங் காராங்கிலோ, நாக்கு உள்ள அட்டை ஏதாவது கிடந்தால் இழுத்துப் பாருங்கள். கிழிந்திருந்தால் செலோடேப் மட்டும் போடாதீர்கள். அதன் பசை உள்ளே கசிந்து நெம்புகோலைப் பிடித்துக்கொள்ளும். மைதா மாவைக் காய்ச்சி, மெல்லிய தாளைத் துண்டாக்கிப் பின்பக்கம் ஒட்டுங்கள். ஒரு இரவு காயட்டும்.