கில்கிட் வாய்க்காலும் காங்ரா உப்பும்: கழுத்துக் கழலைக்குக் காரணம் தேடிய வரலாறு

1811இல் கூர்த்துவா கடற்பாசிச் சாம்பலில் அயோடினைக் கண்டார். 1820இல் ஜெனிவாவில் குவாந்தே அதைக் கழுத்துக் கழலைக்கு மருந்தாகக் கொடுத்தார். 1895இல் பவுமன் தைராய்டுச் சுரப்பிக்குள்ளேயே அயோடின் இருப்பதைக் காட்டினார். பாடநூல்கள் இவ்வரலாற்றை நேர்கோடாகச் சொல்லிப் பழகிவிட்டன. இந்தியப் பகுதிக்கு வந்தால் அந்தக் கோடு வளைகிறது. பவுமனுக்குப் பத்தாண்டுகளுக்குப் பின்னும், இமயமலைக் கழலை குடிநீரில் வரும் தொற்றே என்று ராபர்ட் மெக்காரிசன் வாதாடினார். 1913இல் லண்டனில் அவர் ஆற்றிய மில்ராய் சொற்பொழிவுகளின் பொருளும் அதுவே. அவருடைய முடிவோடுதான் இக்கட்டுரைக்கு வழக்கு.

தண்ணீர்மேல் சந்தேகம் அவரோடு தொடங்கியதன்று. 1835இலேயே குமாவுன் மலையூர்களை ஆராய்ந்த மெக்லெலண்ட், சுண்ணாம்புப் பாறையிலிருந்து வரும் நீரைக் குற்றம் சாட்டியிருந்தார். மெக்காரிசன் பாறையை விட்டுவிட்டுக் கிருமியைப் பிடித்தார். காக், பாஸ்டர் ஆகியோரின் காலத்தில் பயின்ற மருத்துவர் வேறு எதைத் தேடியிருப்பார்?

கில்கிட்டில் ஏஜென்சி மருத்துவராக இருந்தபோது அவர் எடுத்த கணக்கு ஒன்று நிதானமாகப் படிக்கத்தக்கது. அன்றைய கில்கிட் எட்டுச் சிற்றூர்களால் ஆனது. ஒரே வாய்க்கால் ஒன்றன்கீழ் ஒன்றாக அவற்றுக்கு நீர் கொடுத்தது. மேலூரின் கழிவு கீழூரின் குடிநீரில் கலந்தது. தலைமாட்டு ஊரில் நூற்றுக்கு 11.8 பேருக்குக் கழலை, கடைமடையில் 45.6. இறங்க இறங்க நோய் ஏறுகிறது; ஆகவே அழுக்கே காரணம் என்றார் அவர்.

இதை நான் வேறுவிதமாகப் படிக்கிறேன். மெக்காரிசனின் கண் 45.6இல் நின்றது, நிற்க வேண்டிய இடம் 11.8. எந்த ஊரின் கழிவும் சேராத தலைநீரைக் குடித்தவர்களிலேயே பத்துக்கு ஒருவருக்கு மேல் கழலை என்றால், அழுக்கு வந்து சேருமுன்பே நோய் அங்கே குடியிருந்திருக்கிறது. பனியாறும் மழையும் காலங்காலமாக மலை மண்ணின் அயோடினைக் கரைத்துக்கொண்டு போய்விட்டன. அம்மண்ணில் விளையும் தானியத்திலும் அது இல்லை. எட்டு ஊருக்கும் பொதுவான குறை அது. வாய்க்காலின் அழுக்கு அதை மிகுவித்திருக்கலாம். மிகுவிப்பது வேறு, உண்டாக்குவது வேறு.

மெக்காரிசன் தரப்பின் வலுவான சான்று கணக்கன்று, சோதனை. நீரை வடிகட்டி எஞ்சிய வண்டலைத் தாமும் குடித்து, மற்றவர்களுக்கும் கொடுத்தார். சிலருக்குக் கழுத்து வீங்கியது. காய்ச்சிய வண்டலைக் குடித்தவர்களுக்கு வீங்கவில்லை. அயோடின் குறைவு ஒன்றே காரணம் என்போர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். காய்ச்சினால் அயோடின் கூடாது. பிறகு ஏன் இந்த வேறுபாடு? சோதிக்கப்பட்டவர்கள் சிலரே, கழலை நோய் மலிந்த பள்ளத்தாக்கில், அவ்வூர் உணவை உண்டு வாழ்ந்தவர்கள். குறையின் விளிம்பில் இருந்த சுரப்பியை அழுக்கு தள்ளிவிட்டது என்பதற்கு மேல் அச்சோதனை எதையும் நிறுவவில்லை. தைமால், பீட்டா நாப்தால் போன்ற குடற்கிருமிநாசினிகளால் கழலை சுருங்கியது என்றும் அவர் எழுதினார். அயோடினும் கிருமிநாசினிதான். ஆகவே அயோடின் கொடுத்துக் குணமானாலும் அது தொற்றுக்கொள்கைக்கே சாட்சியாகிவிடும்! எந்த விளைவு வந்தாலும் தோற்காத கொள்கையை நோயாளியின் கழுத்தைப் பார்த்து மறுக்க முடியாது. வேறு வகைச் சோதனை வேண்டியிருந்தது.

ஒஹையோ மாநிலத்து ஆக்ரான் பள்ளிகளில் 1917இல் மரைனும் கிம்பலும் தொடங்கிய சோதனையில், அயோடின் பெற்ற 2,190 சிறுமியரில் 5 பேருக்கே சுரப்பி வீங்கியது. பெறாத 2,305 பேரில் 495 பேருக்கு. இது அமெரிக்க ஏரிக்கரைக் கதை, இமயமலைக்குச் செல்லாது என்று அப்போதும் சொல்ல இடமிருந்தது.

அந்த இடத்தை அடைத்தது இமயமலை அடிவாரத்துக் காங்ராப் பள்ளத்தாக்கு. ராமலிங்கசுவாமியும் உடனாய்வாளர்களும் 1956இல் அப்பள்ளத்தாக்கை மூன்று வட்டாரங்களாகப் பிரித்தனர். ஒன்றுக்குப் பொட்டாசியம் அயோடைடு சேர்த்த உப்பு, ஒன்றுக்கு அயோடேட் சேர்த்த உப்பு, இடையில் ஒன்றுக்கு வெறும் உப்பு. முதலிரண்டிலும் கழலை தெளிவாகக் குறைந்தது. வெறும் உப்பு வட்டாரத்தில் குறையவில்லை. 1962க்குப் பின் அங்கும் அயோடின் உப்பு கொடுக்க, அங்கும் குறைந்தது. யாரும் நீரைத் தொடவில்லை. மாறியது உப்பு மட்டும். ஈரம் பட்ட உப்பில் அயோடைடு ஆவியாகிப் போகும், அயோடேட் நிற்கும். தூத்துக்குடி அளத்து உப்பில் இன்று கலப்பது அயோடேட்டே.

மெக்காரிசன் எப்போது மனம் மாறினார் என்பதை ஓர் ஆண்டில் நிறுத்த இயலவில்லை. குன்னூரில் அவர் நடத்திய ஆய்வுக்கூடத்தின் எலிச் சோதனைகளில் உணவுக் குறையும் அசுத்தமும் சேர்ந்தே வருகின்றன. தொற்றை அவர் முழுதும் கைவிட்டார் என்றும் சொல்வதற்கில்லை. பிற்காலத்தில் கொலம்பியாவின் காவ்கா பள்ளத்தாக்கில் அயோடின் போதிய அளவு கிடைத்தும் கழலை நீடித்தபோது, கைத்தான் மீண்டும் குடிநீரில்தான் தேடினார். கில்கிட்டின் எட்டு ஊர்களிலும் மக்களின் சிறுநீரில் அயோடினை அளந்திருந்தால் 11.8க்கும் 45.6க்கும் இடைப்பட்ட வேறுபாடு முழுதும் அழுக்கின் பங்கா என்பது தெரிந்திருக்கும்.